துப்பாக்கியோடு மாநில எல்லை தாண்டுவது: காரிலா, விமானத்திலா, பார்சலிலா, வீட்டிலேயே விட்டுவிட்டா?

அமெரிக்காவில் ஒரு மாநிலம் தரும் ஓட்டுநர் உரிமம் ஐம்பது மாநிலங்களிலும் செல்லும். துப்பாக்கி ஏந்தும் உரிமத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், பென்சில்வேனியா முறைப்படி கொடுத்த உரிமத்தோடு தன் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நியூ ஜெர்சிக்குள் காரோட்டிப் போனார். சாலையில் நிறுத்திய காவலரிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். கைது செய்யப்பட்டார். குற்றப் பின்னணி இல்லாத அவர்மீது, சிறைத் தண்டனை கட்டாயம் என்னும் பிரிவில் வழக்குப் பாய்ந்தது. 2015-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு வேலை மாறுகிறவர்கள், கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போகிறவர்கள், ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான். காரில் வைத்துக்கொண்டு போவதா, விமானத்தில் சூட்கேஸோடு போடுவதா, பார்சலில் அனுப்புவதா, இல்லை வீட்டில் பூட்டிவிட்டு அங்கே போய் வேறு துப்பாக்கி பார்த்துக்கொள்வதா? நண்பர்களிடம் கேட்டால், "அதுக்குத்தான் ஃபெடரல் சட்டம் இருக்கே, கவலைப்படாதீங்க" என்பார்கள். நாடு முழுவதற்கும் பொருந்தும் அந்தச் சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது கைதைத் தடுக்கும் சட்டம் அல்ல. கைதான பிறகு நீதிமன்றத்தில் வாதாட உதவும் சட்டம். இந்த வேறுபாடு மனதில் இருந்தால் முடிவெடுப்பது எளிதாகிவிடும்.

## முதலில் பார்க்க வேண்டிய அளவுகோல்கள்

நீங்கள் யார். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முந்தியது இது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அவர்களுக்கு உள்ள முக்கியமான விலக்கு, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். பல மாநிலங்களில் அந்த உரிமம் ஓராண்டுக்குத்தான் செல்லும். காலாவதியான மறுநாள் வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுகள். ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் கொடுக்கும் மனு) அனுமதி கிடைத்து கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷமாக நிற்கிறோம் என்பது இந்த நிலையை மாற்றாது. கிரீன் கார்டு கையில் இருப்பவர்கள் ஃபெடரல் சட்டப்படி ஏறக்குறைய குடிமக்களைப் போலவே துப்பாக்கி வைத்திருக்கலாம்.

ஆனால் தவறு நடந்தால் கிரீன் கார்டுக்காரர் கொடுக்கும் விலை வேறு. துப்பாக்கியை எந்தச் சட்டத்துக்கு மாறாக வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றாலும், அதுவே நாடுகடத்தலுக்குப் போதுமான காரணம் என்று குடிவரவுச் சட்டம் தனியாகச் சொல்கிறது. ஒரே ஒரு தவறு போதும், சிறிய குற்றமானாலும் போதும். குடிமகனுக்கு வக்கீல் செலவோடு முடியும் ஒரு விஷயம் இவருக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் தொட்டுவிடும்.

வழியில் எந்த எல்லைகள். கிளம்பும் இடம், சேரும் இடம், நடுவில் சக்கரம் படும் ஒவ்வொரு மாநிலம். இவற்றில் மிகக் கடுமையான மாநிலம் எதுவோ அதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்ன துப்பாக்கி. ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளுக்குப் பல மாநிலங்களில் கெடுபிடி குறைவு, கைத்துப்பாக்கிக்கு அதிகம். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு) எத்தனை தோட்டா கொள்ளும் என்பது தனிக் கேள்வி. கலிஃபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி மூன்றிலும் வரம்பு 10. சைலன்ஸர் எட்டு மாநிலங்களில் தனிநபர்களுக்குத் தடை. குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன், மெஷின்கன் ஆகியவற்றை எல்லை தாண்டிக் கொண்டுபோக துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏடிஎஃப்-இடம் படிவம் 5320.20 கொடுத்து முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். சைலன்ஸருக்கு அந்தப் படிவம் வேண்டாம்.

எதற்காக. விளையாட்டு, வேட்டை, தற்காப்பு, குடிபெயர்வு. நோக்கம் மாறினால் சில வழிகள் திறக்கும், சில மூடும். பார்சலிலும் இரவலிலும் இது தெளிவாகத் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகப் பொருந்துவது | மறைந்திருக்கும் செலவு | மோசமான இடம் |
|---|---|---|---|
| காரில், தோட்டா நீக்கிப் பூட்டி | இரு முனையிலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய பயணம் | இடையில் தங்க முடியாது. சுற்றுவழி | நியூ ஜெர்சி, நியூ யார்க் |
| உரிமத்தோடு இடுப்பில் | ஒன்றையொன்று ஏற்கும் மாநிலங்கள் | ஒவ்வொரு மாநில விதியையும் படிக்கும் வேலை | உரிமத்தை ஏற்காத முதல் எல்லை |
| விமானம், செக்-இன் பெட்டி | தொலைதூரம், நேரடி விமானம் | கெட்டிப் பெட்டி, பை கட்டணம், தவறும் இணைப்பு விமானம் | நியூ யார்க், நியூவார்க் விமான நிலையங்கள் |
| பார்சல் | நீளத் துப்பாக்கி. குடிபெயர்வு | வணிகர் கட்டணம், காத்திருப்பு | கைத்துப்பாக்கியோடு தற்காலிகப் பயணம் |
| வீட்டில் விட்டு, அங்கே இரவல் | வேட்டை, சுடுதளம், விசாவில் இருப்பவர் | பழக்கமில்லாத துப்பாக்கி | தற்காப்புக்கு உதவாது |

## வழி 1: காரில், தோட்டா நீக்கிப் பூட்டி

இதற்கு ஆதாரம் 1986-ன் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம்; சட்டத் தொகுப்பில் 926ஏ பிரிவு. மாநிலச் சட்டம் எதுவாக இருந்தாலும் துப்பாக்கியைக் கடந்து கொண்டுபோகலாம் என்கிறது அது. ஆனால் எல்லா நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும்:

1. துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்குச் சட்டத் தடை ஏதும் இருக்கக் கூடாது.
2. கிளம்பும் இடத்தில் அதை வைத்திருக்கவும் ஏந்தவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும்.
3. சேரும் இடத்திலும் அதே உரிமை இருக்க வேண்டும்.
4. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது.
5. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் அமரும் பகுதியிலிருந்து கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி, மினிவேன் என்றால் பூட்டிய பெட்டி வேண்டும். கிளவ் பாக்ஸும் நடு கன்சோலும், பூட்டியிருந்தாலும், கணக்கில் வராது.

மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வர்ஜீனியாவிலிருந்து மேயினுக்குப் போகிறவர் நியூ யார்க்கைக் கடக்கலாம். வர்ஜீனியாவிலிருந்து நியூ யார்க் நகரத்து மாமா வீட்டுக்கு, அந்த நகரத்தின் அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கியோடு போகிறவருக்கு 926ஏ பிரிவு ஒரு அடிகூடத் துணை வராது. அவர் எவ்வளவு நன்றாகப் பூட்டியிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் சேருமிடமே தவறு.

அடுத்த சிக்கல் நிறுத்தம். பெட்ரோல் போட, சாப்பிட, கழிப்பறைக்குப் போக நிற்பது பயணத்தின் பகுதி என்று பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஓட்டலில் இரவு தங்கினால், பெட்டியை அறைக்குள் கொண்டுபோனால், நடுவழியில் இரண்டு நாள் உறவினர் வீட்டில் இருந்தால், "இது கடந்து செல்லும் பயணம்" என்ற வாதம் பலவீனமாகிவிடும். எவ்வளவு நேரம் வரை சரி என்று சட்டம் ஒரு எண் சொல்லவில்லை. அதனால் கடுமையான மாநிலத்தைப் பகலில், ஒரே மூச்சில் தாண்டிவிடும்படி இரவுத் தங்கலை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

நியூ யார்க்கில் இன்னொரு பொறி உண்டு. கைத்துப்பாக்கியும் அதற்குப் பொருந்தும் தோட்டாவும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருந்தாலே, தோட்டா வேறு பையில் இருந்தாலும், அது "தோட்டா ஏற்றிய துப்பாக்கி" என்கிறது அந்த மாநிலத் தண்டனைச் சட்டம். 926ஏ பிரிவின் பாதுகாப்பு ஏதோ ஒரு நிபந்தனையில் அறுந்துவிட்டால், நீங்கள் "பூட்டித்தானே வைத்திருந்தேன்" என்று நினைப்பது அங்கே பெரும் குற்றத்தின் கணக்கில் விழும். நியூ யார்க்கைக் கடக்கும்போது தோட்டாவே இல்லாமல் போய், சேருமிடத்தில் ஒரு பெட்டி வாங்கிக்கொள்வது உத்தமம். மேகசின் விஷயமும் அப்படியே. 926ஏ பிரிவு துப்பாக்கியைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும் பேசுகிறது. மேகசினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 15, 17 தோட்டா கொள்ளும் மேகசின்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, 10 கொள்ளும் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். குழியுள்ள முனை கொண்ட ஹாலோ பாயின்ட் தோட்டாக்களுக்கு நியூ ஜெர்சியில் தனிக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் கவனியுங்கள்.

சுற்றுவழி சில இடங்களில் எளிது, சில இடங்களில் இல்லவே இல்லை. வர்ஜீனியாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு ஐ-95 நெடுஞ்சாலை வழியாகப் போனால் மேரிலாந்தில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். ஐ-81 வழியாகப் போனால் மேரிலாந்து சுமார் 12 மைல்தான். பென்சில்வேனியாவிலிருந்து நியூ யார்க்குக்குள் நுழைய நியூ ஜெர்சியைத் தொடாமலே சாலை உண்டு. ஆனால் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மேயின் உள்ளிட்ட நியூ இங்கிலாந்து முழுவதற்கும் நாட்டின் மற்றப் பகுதியோடு தரைவழித் தொடர்பு நியூ யார்க் மாநிலம் வழியாக மட்டுமே. அங்கே போகிறவர் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் நியூ யார்க்கைத் தவிர்க்க முடியாது.

எப்படிப் பூட்டுவது: கெட்டியான பெட்டி, அதற்குச் சொந்தப் பூட்டு, டிக்கியின் உள்கோடியில். தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியில். சாவி ஓட்டுநரின் சாவிக்கொத்தில் வேண்டாம். காரின் காப்பீட்டுக் காகிதமும் பதிவுச் சீட்டும் துப்பாக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. காவலர் கேட்கும்போது அந்த இடத்தைத் திறக்க வேண்டி வரும். கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல், ஆள் இல்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டுப் போனால் கண்ணில் படாதபடி பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். இதே பெட்டி அங்கேயும் உதவும்.

## வழி 2: உரிமத்தோடு, உடம்பில் ஏந்தி

2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்து ஏந்தலாம். தெற்கிலும் மலைப் பகுதியிலும் இவை அடுத்தடுத்து இருப்பதால் டென்னசியிலிருந்து அலபாமா, ஜார்ஜியா என்று சுற்றுகிறவருக்கு இதுவே எளிது. ஆனாலும் சொந்த மாநிலம் தரும் உரிமத்தை வாங்கி வைத்திருங்கள். வேறு மாநிலம் ஏற்பது அந்த அட்டையைத்தான், உங்கள் மாநிலத்தின் தாராள மனதை அல்ல.

நியூ யார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஆகியவை வெளிமாநில உரிமத்தை ஏற்பதில்லை. 2022-ல் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், பொது இடத்தில் ஏந்துவது அரசியலமைப்பு உரிமை என்று தீர்ப்பளித்தபோது பலர் இது மாறிவிட்டதாக எண்ணினார்கள். அந்தத் தீர்ப்பு, உரிமம் தருவதற்கு "தனித் தேவை" காட்டச் சொல்லும் முறையைத்தான் தள்ளுபடி செய்தது. ஒரு மாநில உரிமம் மற்ற மாநிலத்தில் செல்லும் என்று சொல்லவில்லை. நாடு முழுவதும் ஏற்கச் செய்யும் மசோதாக்கள் பல ஆண்டுகளாக மசோதாக்களாகவே இருக்கின்றன.

யூட்டா போன்ற மாநிலங்கள் வெளியாருக்கும் உரிமம் தருகின்றன. அதை வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கொலராடோ, ஃபுளோரிடா போன்றவை, உரிமம் தந்த மாநிலத்திலேயே வசிக்கிறவரின் உரிமத்தை மட்டும் ஏற்கின்றன.

இந்த வழியின் மறைவான விலை, எல்லைக்கு எல்லை மாறும் சிறு விதிகள். வட கரோலினா, மிச்சிகன், அலாஸ்கா ஆகியவற்றில் காவலர் நிறுத்தினால், அவர் கேட்கும் முன்பே துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டும். அஞ்சல் நிலையத்தின் வாகன நிறுத்துமிடம்கூட ஃபெடரல் சொத்து; அங்கே ஏந்துவது விதிமீறல். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டம் செல்லும், ஆனால் பார்வையாளர் மையம் போன்ற கட்டடங்களுக்குள் செல்லாது. பழங்குடியினர் நிலங்களுக்கு அவர்களுடைய சட்டம் உண்டு. அரிசோனா, நியூ மெக்ஸிகோ சாலைகளில் நவஹோ நிலத்தைக் கடக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற ஃபெடரல் சட்டமும் இருக்கிறது. அதன் விலக்கு, பள்ளி இருக்கும் மாநிலமே தந்த உரிமம் வைத்திருப்பவருக்குத்தான். வெளிமாநில உரிமத்தை அந்த மாநிலம் ஏற்றாலும், உரிமமே வேண்டாம் என்று சொன்னாலும், இந்த விலக்கு தானாக வந்துவிடாது. இதை மட்டும் வைத்து வழக்குப் போடுவது அரிது. ஆனால் வேறு ஏதாவது கோளாறு நடந்தால் கூடுதல் குற்றச்சாட்டாக இது வந்து சேரும். ஊர்களுக்குள் நுழையும்போது தோட்டா நீக்கிப் பூட்டிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

கிரீன் கார்டில் இருப்பவர்கள் இந்த வழியை, சொந்த மாநிலமும் அதை ஒட்டிய, உரிமத்தை ஏற்கும் மாநிலங்களும் தவிர்த்து வேறெங்கும் எடுக்காமல் இருப்பது நல்லது.

## வழி 3: விமானத்தில்

விதிகள் தெளிவானவை. கைப்பையில் ஒருபோதும் கூடாது. தோட்டா நீக்கிய துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் சாமானாக மட்டும். ஒவ்வொரு முறையும் விமான நிறுவனக் கவுண்டரில் நீங்களே சொல்ல வேண்டும். வெளியே சாமான் வாங்கும் ஆளிடமோ இயந்திரத்திலோ முடியாது. சாவி உங்களிடமே இருக்க வேண்டும். மூலையைத் தூக்கினால் இடைவெளி விழும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே பூட்டுத் துளைகள் எல்லாவற்றிலும் பூட்டுப் போடுங்கள். தோட்டா அதற்கென்று செய்த அட்டை, பிளாஸ்டிக், மர அல்லது உலோகப் பெட்டியில். பல நிறுவனங்களின் வரம்பு 11 பவுண்டு. பெட்டிக்கு வெளியே "உள்ளே துப்பாக்கி" என்று தெரியும்படி அட்டை கட்ட நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. ஃபெடரல் சட்டமே அதைத் தடுக்கிறது.

மறந்துபோய்க் கைப்பையில் வருவதுதான் பெரும்பாலான பிரச்சினை. 2023-ல் சோதனைச் சாவடிகளில் விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ கண்டெடுத்த துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 93 சதவீதம் தோட்டா ஏற்றியவை. அபராதத்தின் உச்சவரம்பு 17,000 டாலரைத் தாண்டிவிட்டது. விரைவுச் சோதனைக்கான பிரீசெக் வசதி போகும். அதற்கு மேல் உள்ளூர்க் காவல்துறை. சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையைப் பயணப் பையாக ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள்.

சட்டரீதியான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கவுண்டரில் சொல்வது, அந்த விமான நிலையம் இருக்கும் மாநிலத்தில் உங்களிடம் துப்பாக்கி இருக்கிறது என்று நீங்களே அறிவிப்பது. ஜேஎஃப்கே, லகார்டியா, நியூவார்க் நிலையங்களில், வரும்போது யாரும் கேட்காமல், திரும்பும்போது ஒழுங்காகச் சொன்னவர்கள் கைதாகியிருக்கிறார்கள்.

2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவருக்கு நியூவார்க்கில் இணைப்புத் தவறியது. பெட்டியை வாங்கிக்கொண்டு அருகில் ஓட்டலில் இரவு தங்கினார். காலையில் கவுண்டரில் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார். கைது, சில நாள் சிறை. வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டபோது, ஓட்டலில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் 926ஏ பொருந்தாது என்று 2010-ல் மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் செய்தது எல்லோரும் இயல்பாகச் செய்வதுதான் என்பதே இதில் வேதனை. அதே நீதிமன்றம் 2013-ல், அந்தப் பிரிவை மீறியதற்காகக் காவல்துறை மீது குடிமை உரிமை மீறல் வழக்குப் போட முடியாது என்றும் தீர்த்தது. நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான்.

ஆகவே விமானம் தேர்ந்தெடுத்தால்: நேரடி விமானம், முடியாவிட்டால் இணைப்பு டென்வர், டாலஸ், அட்லாண்டா போன்ற இடங்களில். நியூ யார்க், நியூவார்க், பாஸ்டன், சிகாகோ வேண்டாம். திட்டம் மாறி அந்த ஊர்களில் இரவு நிற்க வேண்டி வந்தால், பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். நிறுவனத்தின் பொறுப்பிலேயே வைத்து சேருமிடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தவறுதலாகச் சாமான் வரும் பட்டையில் வந்துவிட்டாலும் தொடாமல் ஊழியரை அழையுங்கள்.

ரயில் பற்றி ஒரு வரி: ஆம்ட்ராக், சாமான் ஏற்கும் நிலையங்களுக்கு இடையே மட்டும், 24 மணி நேரம் முன்னதாகத் தொலைபேசியில் சொன்னால், பூட்டிய கெட்டிப் பெட்டியில் ஏற்றுக்கொள்ளும். கிரேஹவுண்ட் பேருந்தில் அனுமதி இல்லை.

## வழி 4: பார்சலில்

கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும். உண்மையில் பெரும்பாலோருக்கு இது மூடிய கதவு.

வேட்டை போன்ற சட்டபூர்வ நோக்கத்துக்காக, வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவரின் முகவரிக்கு, உங்கள் பெயருக்கே துப்பாக்கியை அனுப்பிக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்ததும் நீங்கள் மட்டுமே அதைத் திறக்க வேண்டும். வீட்டுக்காரர் திறந்து எடுத்து வைத்தால் அது எல்லை தாண்டிய கைமாற்றம், இருவருக்கும் குற்றம். ஆனால் யார் மூலம் அனுப்புவது? கைத்துப்பாக்கியைத் தனிநபர் அஞ்சலில் அனுப்புவதை 1927-ன் சட்டம் தடுக்கிறது. நீளத் துப்பாக்கியை அஞ்சல் துறை ஏற்கும், தோட்டாவை ஏற்காது. யுபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும் இப்போது ஒப்பந்தம் உள்ள, உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கிப் பார்சல்களை ஏற்கின்றன. எனவே உள்ளூர்க் கடைக்காரர் மூலம் அங்குள்ள கடைக்காரருக்கு, இருமுனையிலும் கட்டணம்.

அங்கேயும் ஒரு தடை. உரிம வணிகர், வெளிமாநிலத்தவருக்குக் கைத்துப்பாக்கியை ஒப்படைக்க ஃபெடரல் சட்டம் இடம் தராது, அது உங்களுடையதே என்றாலும். ரைஃபிள், ஷாட்கன் என்றால் துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்துத் தரலாம். ஆகவே ஒரு வாரப் பயணத்துக்குக் கைத்துப்பாக்கியைப் பார்சலில் அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள்.

குடிபெயர்பவருக்கு இதுவே நல்ல வழியாகலாம். துப்பாக்கி பழைய ஊர்க் கடைக்காரரிடம் இருக்கட்டும். புது மாநில அடையாள அட்டையும் அங்கு வேண்டிய அனுமதிச் சீட்டும் கிடைத்த பிறகு புது ஊர்க் கடைக்கு வரவழைக்கலாம். அங்கே தடை செய்யப்பட்ட மாடல் என்றால் கடைக்காரரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். பழைய ஊரிலேயே விற்றுவிடலாம். நேரில் கொண்டுபோனால் கலிஃபோர்னியாவில் குடியேறிய 60 நாட்களுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். மூவர்ஸ் லாரியில் ஏற்றுவதானால் எழுத்தில் தெரிவியுங்கள். தோட்டாவைப் பலர் ஏற்பதில்லை.

## வழி 5: வீட்டில் விட்டுவிட்டு, அங்கே இரவல் அல்லது வாடகை

பலர் இதைத் தோல்விபோல நினைக்கிறார்கள். வேட்டைக்கும் சுடுதளத்துக்கும் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சரியான விடை என்பது என் உறுதியான கருத்து. விளையாட்டு நோக்கத்துக்காகத் தற்காலிகமாக இரவலோ வாடகையோ தருவதை, வெளிமாநிலத்தவருக்கானாலும், ஃபெடரல் சட்டம் அனுமதிக்கிறது. வேட்டை வழிகாட்டிகள் பலரிடம் சரிபார்த்த ரைஃபிள் இருக்கும். எல்லைகள் எத்தனை தாண்டினாலும் உங்களிடம் எதுவும் இல்லை.

குறைகள்: பழக்கமில்லாத துப்பாக்கியின் ட்ரிகரும் ஸ்கோப்பும் கைக்கு வர நேரம் வேண்டும். முதல் நாள் இருபது தோட்டாவாவது சுட்டுப் பழகாமல் விலங்கைக் குறிவைப்பது நியாயம் அல்ல. தனியார் இரவலுக்கும் பின்னணிச் சோதனை கேட்கும் மாநிலங்கள் உண்டு. கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும், சில விலக்குகளோடு, அப்படிப்பட்டவை. தற்காப்புக்காக இரவல் என்பது இந்த விலக்கில் அடங்காது. விசாவில் இருப்பவர் வாடகைத் துப்பாக்கியைத் தொடும்போதும் வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். சுடுதளத்தில் பத்து நிமிஷம் பிடிப்பதும் "வைத்திருத்தல்"தான்.

## யாருக்கு எது

டெக்சாஸிலிருந்து நியூ மெக்ஸிகோ வழியாகக் கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்கு, சொந்த ரைஃபிளோடு: வழி 1, தயக்கமே வேண்டாம். பென்சில்வேனியாவிலிருந்து கேம்ப் பெர்ரி போட்டிக்கு: எல்லை ஒன்றுதான், மறுபடியும் வழி 1. ஜார்ஜியாவிலிருந்து வெர்மான்டுக்குக் கைத்துப்பாக்கியோடு: நியூ யார்க்கைத் தொடாத நேரடி விமானம் கிடைத்தால் வழி 3, கிடைக்காவிட்டால் துப்பாக்கியை விட்டுச் செல்லுங்கள். நியூ யார்க் நகரம், நியூ ஜெர்சி, பாஸ்டனில் உறவினர் வீட்டு விசேஷம்: அந்த மாநில உரிமம் இல்லையென்றால் எந்த வழியும் இல்லை, வீட்டில் பூட்டுங்கள். எச்-1பி, எச்-4: வேட்டை உரிமத்தோடு வழி 5 மட்டும். வாஷிங்டனிலிருந்து அலாஸ்காவுக்குக் காரில்: நடுவில் கனடா. நீளத் துப்பாக்கியை எல்லையில் அறிவித்துக் கட்டணம் கட்டிக் கொண்டுபோகலாம். கைத்துப்பாக்கிக்கு 2022 அக்டோபர் முதல் அங்கே கதவு ஏறக்குறைய மூடியாகிவிட்டது. அதற்கு விமானம் அல்லது பெல்லிங்ஹாமிலிருந்து கிளம்பும் அலாஸ்கா அரசுப் படகு.

எந்த வழியானாலும், கிளம்பும் வாரத்தில் ஒவ்வொரு மாநிலத்தின் காவல்துறை அல்லது அட்டர்னி ஜெனரல் தளத்தில் விதியைப் படித்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் பல சட்டங்கள் நடைமுறைக்கு வருகின்றன.

## காவலர் நிறுத்தினால்

இரு கையும் ஸ்டியரிங் மேல். சொல்லக் கட்டாயம் உள்ள மாநிலமானால் முதலில் சொல்லுங்கள். அப்போதும் கையை அசைக்காதீர்கள். "காரைப் பார்க்கலாமா?" என்று கேட்டால், "மன்னிக்கவும், சம்மதமில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம். அதையும் மீறித் தேடினால் தடுக்காதீர்கள். எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பதற்குப் போட்டிப் பதிவு, வேட்டைச் சீட்டு, ஓட்டல் முன்பதிவு போன்ற காகிதம் இருந்தால் அது 926ஏ வாதத்தின் முதுகெலும்பு. கைது என்றால் அதற்குப் பின் பேச்சு வக்கீலோடு மட்டும்.

குடிமகன் அல்லாதவருக்குக் கூடுதலாக ஒன்று. அரசுத் தரப்பு பெரும்பாலும் சிறை இல்லாத சமரசம் ஒன்றை நீட்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு சில மாதக் கண்காணிப்பு, பிறகு பதிவு அழிப்பு. மாநிலக் கணக்கில் அழிந்தது குடிவரவுச் சட்டத்தின் கணக்கில் தண்டனையாகவே நிற்கலாம், ஏனென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் ஏதோ ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டதும் அங்கே போதும். நாடுகடத்தல் ஆபத்தைப் பற்றிக் கட்சிக்காரருக்குச் சொல்வது குற்றவியல் வக்கீலின் கடமை என்று 2010-ல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கேள்வியை நீங்களே எழுத்தில் கேளுங்கள். குடிவரவு வக்கீல் ஒருவர் அந்தச் சமரசத்தைப் படித்துப் பார்க்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.